செல்லாக்காசின் சாட்சியம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் மக்கள் ரிங்கிட்டையும் டாலரையும் இன்றும் 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். பத்து வெள்ளி, நூறு வெள்ளி என்று தாள்களை எண்ணிக் கொடுக்கும்போது அத்தாளில் ஒரு குன்றிமணி வெள்ளியும் இல்லை என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மலாய் மொழியின் 'ரிங்கிட்' என்ற சொல்லும் இத்தகையதே. பல் பல்லாக வெட்டப்பட்ட விளிம்பு என்பது அதன் பொருள். ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பைக் கண்டு மலாய் மக்கள் இட்ட அப்பெயர், 1975ஆம் ஆண்டில் மலேசிய நாட்டுப் பணத்தின் அதிகாரபூர்வமான பெயராயிற்று. காசு மாறிய பின்னும் சொல் மாறவில்லை.

இவ்விரு சொற்களையும் ஆராய்ந்து பார்க்கும்போது நம்முள் ஒரு வினா எழுகிறது. ஒரு காசின் மதிப்பு எங்கே இருக்கிறது? அதன் உலோகத்திலா? மேலே பொறித்த முத்திரையிலா? அல்லது அதனை விரும்புகின்றவர்களின் மனத்திலா? பழைய மலாயாக் காசுகளைச் சேர்ப்பது இன்று சிலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குத் தொழில். கடல் கடந்து வாணிகம் செய்த சபராளிகளின் குடும்பங்களிலும், தோட்டக் கூலிகளாகச் சென்று திரும்பியவர்களின் குடும்பங்களிலும் அத்தகைய காசுகள் இன்னும் பெட்டிகளின் அடியில் கிடக்கின்றன. அவற்றின் விலையை அறிந்தவர் ஒருவரும் அறியாதவர் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்து பேரம் பேசும்போது, மேலே எழுந்த வினா ஏட்டளவில் நில்லாமல் ஆகுமானது எது, ஆகாதது எது என்னும் வினாவாகிவிடுகிறது. அதனை ஆராய்வதே நம் நோக்கம்.

உலோகமும் முத்திரையும்

முதலில் உலோகத்தை எடுத்துக்கொள்வோம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்தியாவிலிருந்த ஆங்கில ஆட்சியின் கீழேயே இருந்தன. அவற்றின் புழக்கத்திற்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனி 1845ஆம் ஆண்டு பொறித்து வெளியிட்ட செப்புச் சென்ட்டுகள் கல்கத்தாவில் அச்சடிக்கப்பட்டவை. ஆயினும் கடைத்தெருவில் ஆட்சி செய்தவை ஸ்பானிய, மெக்சிக வெள்ளி நாணயங்களே. 1903இல்தான் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று சொந்தமாக ஒரு வெள்ளி டாலர் வந்தது. அதுவும் பம்பாய் நாணயச் சாலையில் அச்சடிக்கப்பட்டதே.

அந்த 1903ஆம் ஆண்டு நாணயத்தின் எடை 26.95 கிராம். பத்தில் ஒன்பது பங்கு தூய வெள்ளி. அதாவது சுமார் இருபத்து நான்கேகால் கிராம். 1906இல் அரசு இந்த டாலரின் மதிப்பை ஆங்கில நாணயத்தில் இரண்டு ஷில்லிங் நான்கு பென்னி என்று நிலைநிறுத்தியது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறிக்கொண்டிருந்தமையால், காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே இலாபம் என்னும் நிலை நெருங்கியது. எனவே 1907இல் எடை 20.21 கிராமாகக் குறைந்தது. 1919, 1920ஆம் ஆண்டுகளில் அச்சடித்தவற்றின் எடை 16.85 கிராம், அதிலும் பாதியே வெள்ளி. ஆக, தூய வெள்ளி எட்டரைக் கிராமுக்கும் சற்றுக் குறைவு. பதினாறே ஆண்டுகளில் ஒரு நாணயத்தின் உள்ளிருந்த வெள்ளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு போய்விட்டது. அதன் முகத்தில் எழுதியிருந்ததோ முன்போலவே 'ஒரு டாலர்' என்பதுதான். கடைக்காரர் கொடுத்த அரிசியின் அளவு அதனால் மாறிவிடவில்லை. எனவே மதிப்பு உலோகத்தில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

அப்படியாயின் அது முத்திரையில் இருக்கிறதா? 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் தம் பணத்தாள்களை வெளியிட்டனர். பத்து டாலர் தாளில் வாழைமரப் படம் இருந்தமையால் அதனை மக்கள் 'வாழைமரப் பணம்' என்றே அழைத்தனர். நாள் செல்லச் செல்ல அத்தாள்கள் கணக்கின்றி அச்சாயின. பிற்பாடு வந்தவை பலவற்றில் வரிசை எண்கூட இல்லை. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அவை அனைத்தும் வெறும் காகிதமென்று அறிவிக்கப்பட்டன. மூன்றரை ஆண்டு உழைப்பை அத்தாள்களில் சேர்த்து வைத்திருந்தோர் ஒரே நாளில் எல்லாம் இழந்தனர். முத்திரை இட்ட ஆட்சி போனதும் முத்திரையின் மதிப்பும் போயிற்று.

ஆட்சி மாறாமலேயே இது நிகழ்வதுண்டு. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1959இல் தோன்றி, 1967 ஜூன் 12 முதல் சொந்தப் பணத்தை வெளியிட்டது. நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும் பொறித்த அக்காசுகளை நம் முதியோர் பலர் அறிவர். 1989இல் வந்த அடுத்த வரிசையில் பம்பரம், பல்லாங்குழியை ஒத்த சொங்காக், வெற்றிலைத் தட்டம், பட்டம், கிரிஸ் என்னும் குறுவாள் ஆகியவை இடம்பெற்றன. கிரிஸ் பொறித்த ஒரு ரிங்கிட் காசைக் கள்ள நாணயக்காரர்கள் பெருவாரியாகப் போலி செய்தமையால் 2005 டிசம்பர் 7ஆம் நாளோடு அது செல்லாதென்று அரசு அறிவித்தது. முதல் நாள் மாலை வரை ஒரு ரிங்கிட்டுக்குரிய பண்டத்தைப் பெற்றுத் தந்த காசு, மறுநாள் கடைக்காரர் தொடக்கூட விரும்பாத வெறும் உலோகத் துண்டாயிற்று. 2008 ஏப்ரல் முதல் கடைக் கணக்குகள் ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்படவே, ஒரு சென் காசும் புழக்கத்திலிருந்து ஒதுங்கிவிட்டது.

அருமையும் ஆசையும்

செல்லாமற்போன காசுக்கு அதன் பின்னர் வேறொரு வாழ்வு தொடங்குகிறது. சேகரிப்போர் அதனைத் தேடுகின்றனர். இங்கே அதன் விலையை வகுப்பவை வேறு விதிகள்.

பழமையே விலையைத் தரும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. இராசராச சோழனின் செப்புக் காசு ஆயிரம் ஆண்டு கடந்தது. எனினும் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைப்பதால் எளிய விலைக்கே விற்கிறது. ஐம்பது ஆண்டு வயதுள்ள ஒரு காசு அதனைவிடப் பன்மடங்கு விலை பெறுதலும் உண்டு. எத்தனை காசு அச்சாயிற்று என்பதைவிட எத்தனை எஞ்சியுள்ளது என்பதும், எஞ்சியதை எத்தனை பேர் வேண்டுகின்றனர் என்பதுமே விலையை முடிவு செய்கின்றன. மலாயாவின் சதுரச் சென்ட் ஓர் எடுத்துக்காட்டு. மூலைகள் மழுங்கிய அந்தச் சிறு செப்புக்காசு 1961ஆம் ஆண்டுப் பொறிப்பு வரை வந்து, பின்னர் வட்டக் காசுக்கு இடம் கொடுத்தது. அதன் உருவம் கண்டு மயங்காதார் இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் அச்சாகிக் கோடிக்கணக்கில் எஞ்சியமையால், பெரும்பாலான ஆண்டுகளுக்குரியவை சில்லறை விலைக்கே கிடைக்கின்றன. வாழைமரப் பணமும் அவ்வாறே. அதனைச் சேர்த்தோர் வயிற்றெரிச்சலுக்கு அளவில்லை. எஞ்சிய தாள்களுக்கும் அளவில்லை. எனவே அவற்றுட் பெரும்பாலானவற்றின் விலை இன்றும் குறைவே.

காசின் நிலையும் விலையை ஆள்கிறது. விரல் படாத புதுக்காசுக்கும் தேய்ந்த காசுக்கும் இடையே பத்து மடங்கு, நூறு மடங்கு வேறுபாடு இருத்தல் கூடும். நம் வீடுகளில் விருந்தினருக்குக் காட்டுவதற்கென்று பழைய காசைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்குவது வழக்கம். நாணயம் அறிந்தவர் அதனைக் கண்டதும் முகம் சுளிப்பார். காலம் படிய வைத்த மேற்பூச்சு போய்விட்டால் சேகரிப்போரிடத்து விலையும் பெரும்பாலும் போய்விடுகிறது. பெட்டியில் அழுக்கோடு கிடந்த காசு விலை பெறும். அக்கறையோடு துலக்கிய காசு விலை இழக்கும்.

விருப்பமும் நிலையாக நிற்பதில்லை. ஒரு தலைமுறை தேடியதை அடுத்த தலைமுறை தேடாமற் போகலாம். எங்கோ ஒரு பழைய வங்கிப் பெட்டகம் திறக்கப்பட்டுக் கட்டுக்கட்டாகக் காசுகள் வெளிவந்தால், அரிதென்று இருந்தது மலிந்துவிடும். ஆகவே சேகரிப்புக் காசின் விலை என்பது காசின் குணமன்று. காசையும் மனிதர்களையும் இணைக்கும் ஓர் உறவு அது. உறவில் ஒரு பக்கம் மாறினாலும் விலை மாறும்.

இந்த மாற்றத்தையே மூலதனமாக்கிக்கொண்ட மோசடிகளும் உண்டு. பழைய காசுக்கு இலட்சம் தருவோம் என்று ஆசை காட்டி, முன்கட்டணம், வரி, கமிஷன் என்று பணம் பறிக்கின்றவர்கள் பெருகியமையால், தன் பெயரைப் பயன்படுத்தி நடக்கும் இத்தகைய ஏமாற்று வேலைகளைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. மறுபக்கம், 1903ஆம் ஆண்டு வெள்ளி டாலரைப் போன்றே ஈயமும் பித்தளையும் கலந்து வார்த்த போலிகள் கீழ்த்திசைக் கடைத்தெருக்களில் தாராளமாக விற்பனையாகின்றன. விற்பவர் ஏமாறுகிறார், வாங்குபவரும் ஏமாறுகிறார். இருவருக்கும் பொதுவாக உள்ளது அறியாமை. அறியாமையின் மேல் இலாபம் கட்டலாமா என்பதே நம் விசாரணையின் மையம்.

வெள்ளக்கடையில் ஒரு பெட்டி

ஏற்காட்டைச் சூழ்ந்த சேர்வராயன் மலையூர்களுள் வெள்ளக்கடையும் ஒன்று. இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அதே பயிரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் துரைமார் மலாயாவிலும் பயிரிட்டனர். பிரேசில் நாட்டு விளைச்சல் பெருகி விலை வீழ்ந்ததும் அங்கே காப்பியைக் கைவிட்டு ரப்பரை நட்டனர். ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் சமவெளியூர்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய அம்மக்கள் பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்குச் சென்றனர். 1938இல் இந்திய அரசு கூலிகளைத் திரட்டி அனுப்புவதைத் தடை செய்யும் வரை இப்போக்குவரத்து நீடித்தது. பிரேசிலில் காய்த்த காப்பி, சேலத்து உழவனை மலாயாவுக்கு அனுப்பியதென்றால் அது முழுப் பொய்யாகாது.

வெள்ளக்கடையில் ஒரு வீட்டை நாம் மனத்தில் எண்ணிப் பார்ப்போம். பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டி ஒன்று திறக்கப்படுகிறது. அடியில் ஒரு துணி முடிப்பு. அதில் சில சதுரச் சென்ட்டுகள், வாழைமரத் தாள் இரண்டு, கறுத்துப்போன வெள்ளி டாலர் ஒன்று. வீட்டாருக்கு அவற்றின் கதை அரைகுறையாகத் தெரியும், விலை தெரியாது. அவ்வழியே பழைய பொருள் வாங்க வந்த ஒருவர் காசைக் கையில் எடுக்கிறார். ஆண்டைப் பார்க்கிறார். அச்சடித்த சாலையின் சிற்றெழுத்தைப் பார்க்கிறார். சேகரிப்போரிடம் அது என்ன விலை பெறும் என்பது அவருக்குத் தெரியும். "வெள்ளி எடைக்கு விலை போட்டுத் தருகிறேன், அம்மா" என்கிறார். வீட்டாரும் மகிழ்ந்து கொடுத்துவிடுகின்றனர்.

இவர் பொய் சொல்லவில்லை. காசு வெள்ளி என்பது உண்மை. எடையிலும் குறை வைக்கவில்லை. விற்றவர் மனமொப்பியே விற்றார். ஆயினும் நம் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தல் வெறும் இரக்கமா, நியாயத்தின் குரலா?

வாங்கியவர் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லக் கேட்போம். "இந்த அறிவை நான் இலவசமாகப் பெறவில்லை. ஆண்டுக்கணக்காக நூல் படித்தேன். போலி வாங்கிக் கைப்பொருள் இழந்தேன். ஊர் ஊராக அலைந்தேன். பத்து வீடுகளில் ஒன்றில்தான் ஏதேனும் அகப்படுகிறது. நான் வாராவிடில் இந்தக் காசு பொற்கொல்லர் உலைக்குப் போய்க் கொலுசாகியிருக்கும். அறிந்தவன் அறிவுக்கு ஊதியம் பெறுவது தவறா?" இவ்வாதத்தை எளிதாகத் தள்ள இயலாது. வைத்தியரும் வழக்கறிஞரும் அறிவைத்தான் விற்கின்றனர். சேகரிப்போரும் நாணய வணிகரும் இல்லையேல் பழைய மலாயாக் காசுகளுட் பல இன்று உலகில் இரா. 1986இல் சரண் சிங் மலேசிய, சிங்கப்பூர், புருணைக் காசுகளுக்கென ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்தாரென்றால், அதற்கு வேண்டிய காசுகள் பலருடைய தேடலால் காப்பாற்றப்பட்டவையே.

எனினும் வைத்தியரின் நிலை வேறு. அவர் தம் அறிவை நோயாளிக்காகப் பயன்படுத்தி அதற்குக் கூலி பெறுகிறார். காசு வாங்கியவர் தம் அறிவை மறைத்து வைத்து, எதிரிலிருப்பவரின் அறியாமையிலிருந்து கூலி எடுக்கிறார். அறிவுக்கு ஊதியம் வேண்டுமெனில், "இது இன்ன காசு, இன்ன விலை போகக்கூடும், விற்றுத் தருவதற்கு எனக்கு இவ்வளவு பங்கு வேண்டும்" என்று சொல்லிப் பெறலாமே. அவ்வாறு கேட்டால் குறைவாகவே கிடைக்கும் என்பதால்தான் அவர் கேட்கவில்லை. சொன்னால் கிடைக்காத இலாபம், சொல்லாமையினால் மட்டும் கிடைக்கிறது. அந்த மிகுதிக்கு அவர் எந்த உழைப்பையும் விலையாகத் தரவில்லை.

வணிகக் கூட்டத்தை எதிர்கொள்ளல்

இப்பிரச்சினை புதியதன்று. பாலைவனத்துச் சந்தைகளில் இது நாள்தோறும் நிகழ்ந்தது. வெளியூரிலிருந்து ஒட்டகங்களில் சரக்கேற்றி வரும் வணிகக் கூட்டத்தார்க்கு நகரத்து நிலவரம் தெரியாது. நகரத்து வணிகர் சிலர் ஊருக்கு வெளியே சென்று அவர்களை எதிர்கொண்டு, அவர்கள் சந்தையைக் காண்பதற்கு முன்பே மலிவாக வாங்கிவிடுவர். இதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கப்பட்டுவிட்டால், சரக்குக்குரியவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் விற்பனையை ஏற்கவோ மறுக்கவோ உரிமையுடையவர் என்றும் அறிவித்தார்கள்.

இத்தடையின் நுட்பம் கருதத்தக்கது. எதிர்கொண்டு சென்றவர் பொய் சொன்னார் என்பதன்று குற்றம். எடையைக் குறைத்தார் என்பதுமன்று. விற்பவருக்கும் சந்தைக்கும் இடையே அவர் புகுந்து நின்றார். விலை தெரியும் முன் விலை பேசினார். அதுவே போதுமான காரணமாயிற்று. வெள்ளக்கடை வீட்டின் திண்ணைக்கும் பாலைவனத்துப் பாதைக்கும் இவ்வகையில் வேற்றுமை இல்லை. மலையில் காப்பி விளைவிப்போர்க்கு இந்த அனுபவம் புதியதன்று. அவர்கள் விளைபொருளின் விலை எங்கோ கடல் கடந்த சந்தைகளில் முடிவாகிறது. 1989இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை முறிந்தபோது, விலை வீழ்ந்த வேகத்தை எல்லாக் காப்பி நாடுகளும் உணர்ந்தன. ஆயினும் இன்று காப்பியின் அன்றாட விலையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பேரம் பேச முடிகிறது. பழைய காசுக்கு அத்தகைய விலைப்பலகை இல்லை. நூல்களும் ஏலக் குறிப்புகளும் இருந்தாலும், ஆண்டு, சிற்றெழுத்து, தேய்மானம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்தவர்க்கே அவை பயன்படும். எனவே இங்கே அறிந்தவரின் பொறுப்பு மேலும் கனமாகிறது.

பெரும் விலை வேறுபாட்டினால் நேரும் இழப்பு வாணிபத்தை எந்த அளவில் முறிக்கும் என்பதில் சட்ட மேதைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூன்றில் ஒரு பங்கைக் கடந்தால் மிகுதி என்று எல்லை கட்டினோரும் உளர். ஏமாற்று இருந்தாலன்றி வாணிபம் முறியாது என்றோரும் உளர். சட்டத்தின் எல்லை எதுவாயினும், அதனோடு முன்னோர் நின்றுவிடவில்லை. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி நூல்களில் உண்டு. அவர்களுடைய ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, உரியவரை அழைத்து வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி), "உம் குதிரை இதனினும் மேலானது, நானூறுக்குத் தருகிறீரா?" என்றார்கள். பிறகு தாமே நூறு நூறாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். விற்றவர் கேட்டதோ 300தான். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபிகளாரிடம் தாம் உறுதிமொழி அளித்திருப்பதையே அவர்கள் காரணமாகக் கூறினார்கள்.

நாம் எல்லோரும் ஜரீர் (ரலி) அவர்கள் ஆகிவிட இயலாது. வணிகர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். ஆகவே நடைமுறைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை இவ்வாறு சொல்லலாம். தம்மைப்போலவே காசை அறிந்த இன்னொரு வணிகர் அத்திண்ணையில் உடன் அமர்ந்திருந்தால், நாம் என்ன விலை சொல்லுவோம்? அவர் இல்லாதபோதும் அவ்விலையையே சொல்ல வேண்டும். அலைச்சல், முதலீடு, விற்காமற் கிடக்கும் காலம், போலியாகிவிடும் ஆபத்து ஆகிய யாவற்றுக்கும் உரிய இலாபம் அந்த விலைக்குள் அடங்கும். எதிரிலிருப்பவரின் அறியாமை அடங்காது.

இந்த அளவுகோல் மறுபக்கமும் பொருந்தும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்கிய இளைஞரிடம் மலிந்த சதுரச் சென்ட்டை அரிய காசு என்று ஏற்றி விற்பதும் அதே குற்றம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டும் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்னும் துணி வணிகரின் வரலாறு இதற்கு விடை. அவர் கடையில் இல்லாதபோது, 200 திர்ஹம் பெறுமான ஆடையை அவருடைய சகோதரர் மகன் 400க்கு விற்றுவிட்டார். வாங்கியவர் மனமொப்பியே வாங்கியிருந்தார். யூனுஸ் அவர்களோ வாங்கியவரை அழைத்து 200ஐத் திருப்பித் தந்த பின்னரே அமைதியடைந்தார்.

நீதிபதியும் சாட்சியும்

சேகரிப்போர் மீது இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைத்து இறைவழியில் செலவழியாதாரைத் திருமறை கடுமையாக எச்சரிக்கிறது. பெட்டி பெட்டியாகக் காசு அடுக்குவது அந்த எச்சரிக்கைக்குள் வாராதா?

இதற்கு விடை காண இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே வழி காட்டுகின்றார்கள். குங்குமப்பூ வைத்திருப்பவருக்கு ஒட்டகம் வேண்டும். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? அதற்காகவே பொன்னும் வெள்ளியும் பொருள்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகளாகப் படைக்கப்பட்டன என்பது அவர்களுடைய கருத்து. தனக்கென்று நிறமில்லாத கண்ணாடி எல்லா நிறங்களையும் காட்டுவதுபோல், தன்னளவில் வேண்டப்படாத காசு எல்லாப் பொருள்களின் மதிப்பையும் காட்டுகிறது. எனவே அதனைப் பூட்டி வைப்பது நீதிபதியைச் சிறையில் அடைப்பதற்கு ஒப்பாகும் என்கின்றார்கள்.

செல்லாக்காசின் நிலை இங்கே வேறுபடுகிறது. 2005இல் செல்லாதென்று அறிவித்த ரிங்கிட் காசு எந்தப் பொருளுக்கும் இனித் தீர்ப்புச் சொல்லாது. அதன் பதவி போய்விட்டது. பதவி இழந்தவரைச் சிறை வைத்ததாகக் கூற இயலாது. ஆனால் வெள்ளிக் காசும் பொற்காசும் அத்தகையனவல்ல. முத்திரை இறந்தாலும் உலோகம் உயிரோடிருக்கிறது. வெள்ளிக்கு ஜகாத்தின் எல்லை 200 திர்ஹம். அதனைச் சுமார் 595 கிராமாகக் கணக்கிடுவோர் முறைப்படி, 1903ஆம் ஆண்டு டாலர் 25 இருந்தாலே அந்த எல்லை எட்டிவிடும். 1920ஆம் ஆண்டு டாலராயின் 71 வேண்டும். பெட்டியைப் பூட்டும் முன் உள்ளிருக்கும் வெள்ளியை எண்ணிப் பார்க்க வேண்டும். விற்பதற்கென்று வாங்கி வைத்தவை வியாபாரச் சரக்கு; அவற்றுக்கு அன்றைய சந்தை மதிப்பே கணக்கு. விவரங்களை அவரவர் மத்ஹபு உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிக.

பதவி இழந்த காசுக்கு வேறொரு பணி உண்டு. குகைத் தோழர்களின் வரலாற்றைத் திருமறையில் நாம் ஓதுகின்றோம். நெடுந்துயில் நீங்கி எழுந்தவர்கள், தம்முள் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்துத் தூய உணவு வாங்கி வருமாறு நகரத்திற்கு அனுப்பினர். அந்தக் காசே அவர்களைக் காட்டிக் கொடுத்தது என்று விரிவுரையாளர் கூறுவர். கடைக்காரர் அதில் என்றோ மறைந்த மன்னனின் முத்திரையைக் கண்டார். உணவு வாங்க அக்காசு உதவவில்லை. ஆனால் முந்நூற்றொன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன என்னும் உண்மையை ஊருக்கு அறிவிக்க அதுவே உதவிற்று. நீதிபதியாக இருக்கும் தகுதியை இழந்த காசு சாட்சியாக நின்று பேசியது.

வெள்ளக்கடைப் பெட்டியிலுள்ள காசும் ஒரு சாட்சியே. 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஓர் ஆணின் நாட்கூலி ஐம்பது சென்ட், ஒரு பெண்ணின் நாட்கூலி நாற்பது சென்ட். அப்படியாயின் ஒரு வெள்ளி என்பது ஓர் ஆண் இரண்டு விடியல்களில் இருட்டோடு எழுந்து பால்வெட்டியதன் ஊதியம். ஒரு பெண்ணுக்கு இரண்டரை நாள் உழைப்பு. உண்ணாமல் மிச்சப்படுத்தி ஊருக்குக் கொண்டுவந்த அந்த ஒரு வெள்ளி, பெண்ணின் கூலி ஏன் குறைந்தது என்பதற்கும் சாட்சி; வாழைமரத் தாள், போர் யார் தலையில் விடிந்தது என்பதற்குச் சாட்சி. ஏலக் கூடத்தில் இவற்றுக்கு விலை ஏறலாம், இறங்கலாம். அந்தச் சாட்சியத்தின் உண்மை ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

ஆனால் சாட்சி பேச வேண்டுமானால் அது யாருடையது என்பது தெரிய வேண்டும். பெயரும் ஊரும் இழந்த காசு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே இத்தகைய பெட்டியுள்ள குடும்பத்தார்க்கு நாம் கூறுவது இது. காசைத் துலக்க வேண்டாம். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே அது யார் கொண்டு வந்தது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் அல்லது எந்தக் கடை என்பதைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் காசோடு வைத்துவிடுங்கள். விற்க நேர்ந்தால் ஒருவரிடம் மட்டும் காட்டாமல், ஒருவரையொருவர் அறியாத இருவர் மூவரிடம் காட்டி விலை கேளுங்கள். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். அதனை அரசின் வழியன்றி வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. மண்ணில் புதையுண்டு கிடைத்ததாயின், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பெறுமானமுள்ள எதனையும் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது.

நாணயம் வாங்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாணய மாற்றுக் கடைகளை நடத்திப் பெயர் பெற்றவர்களுள் நம் சமுதாயத்தார் முன்வரிசையில் நின்றனர். எந்நாட்டுக் காசையும் விரல் நுனியால் அறியும் அவர்களிடம் மக்கள் கைப்பொருளை எண்ணாமலே நீட்டியதற்குக் காரணம் அவர்களுடைய அறிவு மட்டுமன்று. அந்த அறிவு தங்களுக்கு எதிராகப் பயன்படாது என்னும் நம்பிக்கை. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல் வழங்குவது அந்த நம்பிக்கையை நினைவூட்டத்தான் போலும்.

நபி யூசுஃப் (அலை) அவர்களைக் கிணற்றிலிருந்து எடுத்தவர்கள் எண்ணிவிடத்தக்க சில திர்ஹங்களுக்கு, மிக அற்பமான விலைக்கு விற்றுவிட்டதாகத் திருமறை கூறுகிறது. விற்றவர்களும் வாங்கியவரும் அந்த விலையில் ஒத்துப்போனார்கள். அந்த ஒப்புதல் யூசுஃப் (அலை) அவர்களின் தகுதியைக் குறைத்துவிடவில்லை. விற்றவர்களின் அறியாமையை மட்டுமே பதிவு செய்தது. இரு தரப்பும் ஒப்பிய விலை எப்போதும் உரிய மதிப்பாகிவிடாது. வேறுபாட்டை அறிந்தவர் யாரோ, அவர் வாய் திறந்து சொல்லக் கடமைப்பட்டவர். ஒரு பழைய காசின் விலையிலும் அக்கடமை நமக்கு உண்டு.